அரசியும் செவிலியும்

ஒருவர் தம் பணியை எத்தனை ஆண்டு செய்தார், எத்தனை பட்டங்கள் அவரை நாடி வந்தன, எத்தனை பேர் அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்டனர் என்பவற்றைக் கொண்டு அவர் வாழ்வை அளப்பது உலக வழக்கம். அவ்வளவைகள் பிழையானவை என்று சொல்வதற்கில்லை. ஆயினும் ஒரு வாழ்வின் உள்ளுறுதி முழுமையாகத் தெரியும் வேளை வேறொன்று உண்டு. தாம் முதன்மையாய் நின்ற இடத்தில் இன்னொருவர் வந்து நிற்கும் நாளில், முன்னவர் எங்கே நிற்கிறார், எந்த மனத்தோடு நிற்கிறார், அங்கே நிற்கவே இசைகிறாரா என்பதில்தான் அது வெளிப்படுகிறது. வீட்டின் பொறுப்பை மருமகளிடம் ஒப்படைக்கும் மூதாட்டிக்கும், தம்மிடம் படித்தவனே தலைமையாசிரியனாய் வந்தமர்ந்த பள்ளியில் தொடர்ந்து பாடம் நடத்தும் முதியவர்க்கும் அந்நாள் வருகிறது. அதிலிருந்து தப்பியவர் இளமையில் மாண்டவர் மட்டுமே.

நடிப்பை வாழ்வாகக் கொண்டவர்க்கு அவ்வேளை மற்றவரினும் கடுமையாக வரும். எழுத்தாளனின் தாள் அவனோடு சேர்ந்து மூப்பதில்லை. சிற்பியின் கல்லும் அப்படியே. நடிப்பவர்க்கோ முகமும் குரலும் உடலுமே கருவிகள், அவற்றைத்தான் காலம் முதலில் தொடுகிறது. அதோடு, ஒரு வேடத்தில் ஒருவர் பெரும்புகழ் பெற்றுவிட்டால் அவ்வேடம் தமக்கே உரியது என்னும் எண்ணம் அவருள்ளே ஊறிவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் பிறந்து, அமெரிக்க மேடையிலும் திரையிலும் ஏறத்தாழ எழுபது ஆண்டுக் காலம் உழைத்த ஜூடித் ஆண்டர்சன் என்னும் நடிகையின் வாழ்வை இந்நோக்கில் எண்ணிப் பார்க்கிறேன். அவரைக் குறையற்றவராகக் காட்டுவது என் விருப்பமன்று. குறைகளோடு சேர்த்துப் பார்க்கும்போதே அவ்வாழ்வு நமக்குப் பயன் தருகிறது.

1897-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் பிரான்சஸ் மார்கரெட். தந்தை ஸ்காட்லாந்தில் பிறந்தவர்; பங்கு வணிகத்திலும் சுரங்கத் தேடலிலும் ஈடுபட்டவர். அவர் குடும்பத்தைவிட்டு நீங்கிய பின், மணத்துக்குமுன் நோயாளரைப் பேணும் பணியில் இருந்த தாய், மளிகைக் கடை ஒன்றை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். நான்காவது பிள்ளையான இப்பெண், தாய் பகலெல்லாம் கடையில் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர். கடையில் நிற்பவர் வருகின்ற ஒவ்வொருவர்க்கும் ஒரே பொறுமையோடு அளந்து கொடுக்க வேண்டும். நேற்று நன்றாய் அளந்தோம் என்பது இன்றைய அளவுக்கு ஈடாகாது. பிற்காலத்தில் இரவு தோறும் ஒரே வேடத்தைக் குன்றாமல் தந்த பெண்ணின் பயிற்சி அந்தக் கடையிலேயே தொடங்கிற்று என்று நான் நம்புகிறேன். சிறுமியாய் இருந்தபோதே ஒப்புவித்தல் போட்டிகளில் பரிசு பெற்ற அவர், பின்பு சிட்னிக்குச் சென்று 1915-இல், பதினெட்டாம் வயதில், தொழில்முறை மேடையில் அடியெடுத்து வைத்தார்.

அங்கே அவர் சேர்ந்த குழுவின் தலைவர் ஜூலியஸ் நைட் என்னும் ஸ்காட்லாந்து நடிகர். இன்று அப்பெயரை அறிந்தார் மிகச் சிலரே. ஆனால் தம் நடிப்புக்கு அடிக்கல் நாட்டியவர் அவரே என்று ஆண்டர்சன் பிற்காலத்தில் சொல்லிவந்தார். உலகப் புகழ் பெற்ற பின் தம் தொடக்கத்தை மறைப்பவர் பலர். கற்பித்தவரின் பெயர் தம் பெயரினும் சிறிதாகிவிட்டபோது அதைச் சொல்ல நாணுவாரும் உண்டு. தமக்கு முன்னே நின்றவர்க்குக் கடன்பட்டிருப்பதை உணர்ந்தவருக்கே, தமக்குப் பின்னே வருபவர்க்கும் தாம் கடன்பட்டவர் என்பது விளங்கும்.

1918-இல் அவர் தாயுடன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். ஆஸ்திரேலிய நடிகர்கள் அந்நாளில் இலண்டனை நோக்கியே செல்வர். போர் அவ்வழியை அடைத்திருந்தது. கலிபோர்னியாவில் மாதக்கணக்கில் காத்திருந்தும் வேலை கிட்டவில்லை. நியூயார்க்குக்குச் சென்றார், அங்கும் கதவுகள் திறக்கவில்லை. வறுமையும் நோயும் சேர்ந்து வாட்டிய பின்னர், நகரின் பதினான்காம் தெருவில் இயங்கிய நிலையக் குழு ஒன்றில் இடம் கிடைத்தது. அத்தகைய குழுக்களில் ஒரு நாடகம் சில நாள்களே நடக்கும். இரவில் ஒரு நாடகத்தை நடித்துக்கொண்டே பகலில் அடுத்ததன் உரையாடலை மனப்பாடம் செய்ய வேண்டும். இன்று தலைவியாய் இருப்பவர் அடுத்த வாரம் வாயிற்படியில் நின்று இரண்டு சொல் சொல்லும் ஏவற்பெண்ணாய் இருப்பார். வேடத்தின் உயர்வு தாழ்வைப் பார்த்து மனம் சுளிக்க அங்கே நேரமில்லை. நாம் இகழ்ந்து கடந்துபோகும் இத்தகைய பள்ளிகள் ஒருவரை எத்துணை ஆழமாய்ச் செதுக்குகின்றன என்பது நாற்பது ஐம்பது ஆண்டு கழித்தே தெரிய வருகிறது.

1924-இல் 'கோப்ரா' என்னும் நாடகம் அவரை நியூயார்க் முழுதும் அறியச் செய்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. மேடையேறி ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. பிரான்சஸ் ஜூடித் ஆனதும் அக்காலத்தில்தான்.

அடுத்த பத்தாண்டில் நிகழ்ந்த இரண்டு செய்திகளை அவர் வாழ்க்கையைக் கூறுவோர் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோவர். எனக்கோ அவை மிக முதன்மையாய்ப் படுகின்றன. யூஜின் ஓநீல் எழுதிய இரண்டு பெரிய நாடகங்களில் ஆண்டர்சன் நடித்தார். 'வினோத இடைநாடகம்' என்று சொல்லத்தக்க முதல் நாடகத்தில் 1928-இல் அவர் ஏற்றது, லின் ஃபான்டான் என்னும் நடிகை முதலில் நடித்து நிலைநாட்டிய வேடம். எலெக்ட்ராவின் துயரத்தைப் புதுக்கிய இரண்டாவது நாடகத்தில் 1932-இல் அவர் ஏற்றது, ஆலிஸ் பிரேடி நடித்து வந்த வேடம். அதாவது, பிறர் விட்டுச் சென்ற இடத்தில் இருமுறை வந்து நின்றவர் அவர். பார்வையாளர் மனத்தில் முன்னவரின் முகம் பதிந்திருக்கும். அதனோடு ஒப்பிடப்படுவோம் என்று அறிந்தே மேடைக்குள் நுழைய வேண்டும். தாம் வந்து நின்ற இடம் ஒருவர் விட்டுத் தந்த இடம் என்பதை நினைவில் வைத்திருப்பவர், அதைப் பிறர்க்கு விட்டுத் தரும் நாளில் கொள்ளை போனதாய்க் கூக்குரலிடமாட்டார். நம்முள் பலர் அதை மறந்துவிடுகிறோம். பெற்ற இடத்தைப் பிறவியிலேயே உடன் வந்ததாய் எண்ணிக்கொள்கிறோம்.

பின்னர் அரசியர் வந்தனர். 1936-இல் ஜான் கீல்குட் ஹாம்லெட்டாய் நடிக்க, அவன் தாய் கெர்ட்ரூடாக அவர் நியூயார்க்கில் நடித்தார். அடுத்த ஆண்டு இலண்டனின் ஓல்டு விக் அரங்கில் லாரன்ஸ் ஒலிவியருக்கு இணையாக மேக்பெத்தின் மனைவியானார். 1941-இல் மாரிஸ் எவன்ஸோடு அதே வேடத்தை நியூயார்க்கில் ஏற்றார். போர் நடந்துகொண்டிருந்தபோது ஹவாய்த் தீவுகளில் இருந்த படைவீரர்க்கும் அவ்வேடத்தை நடித்துக் காட்டினார். நாளை போர்முனைக்குப் போகக்கூடிய இளைஞர் முன், கொலையின் கறை கையிலிருந்து கழுவப்படாமல் துயில்நடையில் புலம்பும் பெண்ணாக நிற்பது எளிய பொறுப்பன்று. களியாட்டம் மட்டுமே அவர்களுக்குப் போதும் என்று எண்ணாமல், தம்மிடமிருந்தவற்றுள் கனமானதையே கொண்டு சென்றார். அதில் கேட்போர்மீது அவர் வைத்திருந்த மதிப்பு தெரிகிறது.

திரைப்படம் அவரை வேறு விதமாய்க் கண்டது. அந்நாளைய திரையுலகம் தலைவியர்க்கென வகுத்திருந்த அழகின் வரையறைக்குள் அவர் முகம் அடங்கவில்லை. மேடையில் முடி தரித்தவர்க்குத் திரையில் பெரும்பாலும் வீட்டைக் காப்பவளும், ஏவல் செய்பவளும், வஞ்சம் வளர்ப்பவளுமே வாய்த்தனர். 1940-இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கிய 'ரெபேக்கா' படத்தில், இறந்துபோன தலைவியின் நினைவை மாளிகையெங்கும் காத்து நிற்கும் டேன்வர்ஸ் என்னும் இல்லக் காப்பாளராக அவர் தோன்றினார். அப்பெண் நடந்து வருவதை இயக்குநர் பெரும்பாலும் காட்டவில்லை. மாளிகைக்குப் புதிதாய் வந்த இளம் இரண்டாம் மனைவி திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அவள் அங்கே நின்றுகொண்டிருப்பாள். கைகள் கோத்தபடி இருக்கும், குரல் உயராது. மேடையில் ஆயிரம் பேர்க்குக் கேட்குமாறு முழங்கிப் பழகிய ஒருவர், தம் ஆற்றலனைத்தையும் உள்ளே மடக்கி, விழியின் அசையாமை ஒன்றாலேயே அச்சத்தை உண்டாக்கினார். ஆற்றல் இல்லாதவர் அடங்கியிருப்பதை அடக்கம் என்று எவரும் சொல்வதில்லை. வெளிப்படுத்த வல்லவர் இவ்விடத்துக்கு இதுவே அளவு என்று தேர்ந்து நிறுத்தும்போதே அச்சொல் பொருந்துகிறது.

அவ்வேடத்துக்காகத் துணை நடிகைக்குரிய ஆஸ்கார் விருதுப் பட்டியலில் அவர் பெயர் இடம் பெற்றது. விருது ஜேன் டார்வெல்லுக்குச் சென்றது. பரிசு பெற்ற ஆண்டுக் கணக்குகள் மறந்துபோன பின்னும், மாடிச் சாளரத்தின் அருகே நின்று இளம் மனைவியைச் சாவுக்கு மெல்ல அழைக்கும் டேன்வர்ஸை உலகம் மறக்கவில்லை. 'லாரா', அகதா கிறிஸ்டியின் கதையிலிருந்து எடுத்த 'பின்னர் ஒருவரும் இல்லை' முதலிய படங்களிலும், 1956-இல் வந்த 'பத்துக் கட்டளைகள்' படத்திலும் அவர் ஏற்றவை சுற்றி நிற்கும் வேடங்களே. இறுதியாய்ச் சொன்ன படத்தில் அவர் எகிப்து அரண்மனையின் முதிய பணிப்பெண். அத்தகைய வேடங்களைத் தகுதிக் குறைவு என்று தள்ளாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு உயிரைக் கொடுத்தார்.

அவர் வாழ்வின் உச்சம் ஐம்பதாம் வயதில் வந்தது. மேடைப் பெண்டிர் பலர் ஓய்ந்துபோகும் வயது அது. கலிபோர்னியக் கடற்கரையில் தாமே அடுக்கிய கல்வீட்டில் வாழ்ந்த கவிஞர் ராபின்சன் ஜெஃபர்ஸ், கிரேக்கப் பெரும்புலவர் யூரிப்பிடிஸின் 'மெடேயா' நாடகத்தை ஆண்டர்சனுக்கென்றே ஆங்கிலத்தில் புதிதாய் ஆக்கி, அவருக்கே உரிமையாக்கினார். 1947 அக்டோபர் 20-ஆம் நாள் நியூயார்க்கின் நேஷனல் அரங்கில் அது மேடையேறிற்று. இயக்கியவரும், மெடேயாவின் கணவன் ஜேசனாக உடன் நடித்தவரும் கீல்குட். 214 முறை நடந்த அந்நாடகத்துக்காக, 1948-இல் சிறந்த நடிகைக்குரிய டோனி விருதைக் கேத்தரின் கார்னெல், ஜெசிகா டாண்டி என்னும் இருவரோடு அவர் பகிர்ந்துகொண்டார்.

கதையைச் சுருங்கச் சொல்லின், காதலனுக்காகத் தாய்நாட்டையும் உடன்பிறந்தானையும் பலி கொடுத்து அயல்நாட்டுக்கு வந்த பெண், அக் கணவனே அரசன் மகளை மணக்கத் துணிந்தபோது, புது மணப்பெண்ணை நச்சாடையால் எரித்துத் தான் பெற்ற இரு மக்களையும் கொல்கிறாள். சினத்தின் எல்லையை இதற்கப்பால் எந்த நாட்டுப் புலவரும் கொண்டு சென்றதாய்த் தெரியவில்லை. அந்தச் சினத்தை ஒருத்தி ஓரிரவு காட்டிவிடலாம். மனத்தில் உள்ள தீயெல்லாவற்றையும் அன்றே கொட்டித் தீர்த்துவிடலாம். 214 இரவுகளில், ஞாயிறு கழிந்து திங்கள் வந்ததும் மீண்டும் அதே கொடுமையின் வாயிலில் நின்று, நேற்றுப் பார்த்தவர் பெற்றதில் ஒரு துளியும் குறையாமல் இன்று வந்தவர்க்கும் தருவதற்குச் சினம் உதவாது. மதகு இறுகிய ஏரிதான் கடைமடைக்கும் நீர் தரும். எந்தக் கணத்தில் குரல் உடைய வேண்டும், எந்த அடியில் உடல் தளர வேண்டும், எவ்வளவு மூச்சு எஞ்சியிருக்க வேண்டும் என்று ஒழுங்குபட்ட மனமே கட்டற்ற சினத்தை மேடையில் நிலைநிறுத்த வல்லது. தம்மை ஆண்டவரே ஆளப்படாத ஒருத்தியைக் காட்ட முடிந்தது.

நம் வீடுகளில் சினத்தை உண்மையின் அடையாளமாகக் கருதும் பழக்கம் பெருகிவருகிறது. மனத்தில் பட்டதை அப்படியே கொட்டுபவரை நேர்மையாளர் என்கிறோம். ஆண்டர்சனின் மெடேயாவை எண்ணும்போது, உணர்ச்சியின் ஆழமும் ஒழுங்கின் இறுக்கமும் ஒன்றையொன்று பகைப்பதில்லை என்பது விளங்குகிறது.

அதே வேடத்தோடு 1955-இல் தம் நாட்டுக்குத் திரும்பினார். ஆஸ்திரேலியாவில் நாடகக் கலையை வளர்க்க முந்தைய ஆண்டில்தான் நிறுவப்பட்டிருந்த எலிசபெத்தன் நாடக அறக்கட்டளையின் சார்பில் அவர் அங்கே மெடேயாவாய் நடித்தார். மளிகைக் கடைக்காரம்மாளின் மகள், ஐம்பத்தெட்டாம் வயதில், தாம் அடைந்தவற்றுள் தலைசிறந்ததைப் பிறந்த மண்ணுக்குக் கொண்டு வந்து சேர்த்தார். மேக்பெத்தின் மனைவியாகத் தொலைக்காட்சியில் 1954-இல் ஒருமுறையும் 1960-இல் மறுமுறையும் தோன்றி, இரு முறையும் எம்மி விருது பெற்றார். ஒரே வேடத்தை ஆண்டுகள் கடந்து மீண்டும் தொடும்போது பழைய வெற்றியின் நிழலில் இளைப்பாறாதவர் என்பதற்கு இது சான்று. 1960-இல் பிரித்தானிய அரசு அவருக்கு டேம் என்னும் பட்டத்தை அளித்தது.

இவ்வளவுக்கும் அவர் கொடுத்த விலை சிறிதன்று. 1937-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இலக்கியப் பேராசிரியர் ஒருவரை மணந்தார். இரண்டே ஆண்டில் அம்மணம் முறிந்தது. 1946-இல் நாடகத் தயாரிப்பாளர் ஒருவரை மணந்தார். ஐந்தாண்டில் அதுவும் முறிந்தது. மக்கட்பேறு இல்லை. கடமைக்காக இல்வாழ்வைத் துறந்தார் என்று இதை உயர்த்திப் பேசுவதும், கலைக்காக வாழ்வைக் கெடுத்துக்கொண்டார் என்று தாழ்த்திப் பேசுவதும் நமக்குத் தகாது. ஒரு திசையில் நெடுந்தொலைவு செல்பவர் இன்னொரு திசையில் அவ்வளவு தொலைவு செல்ல இயலாது என்பதும், எதைத் தேர்ந்தாலும் தேராதது வாழ்நாள் முழுதும் உடன் வந்துகொண்டேயிருக்கும் என்பதும் எல்லார்க்கும் பொது.

எழுபத்து மூன்றாம் வயதில் அவர் செய்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். முப்பது வயது டென்மார்க்கு இளவரசன் ஹாம்லெட்டாகத் தாமே நடிக்கத் துணிந்தார். பெண்கள் அவ்வேடத்தை ஏற்பது புதிதன்று. பிரான்சின் சாரா பெர்னார்ட் 1899-இல் ஏற்றிருக்கிறார். ஆனால் அப்போது பெர்னார்டுக்கு வயது ஐம்பதைச் சிறிதே கடந்திருந்தது. ஆண்டர்சன் தம் ஹாம்லெட்டை அமெரிக்காவின் பல ஊர்களுக்குக் கொண்டு சென்று, 1971-இன் தொடக்கத்தில் நியூயார்க்கின் கார்னகி மண்டபத்திலும் நடித்தார். திறனாய்வாளர் வரவேற்கவில்லை. ஐம்பதாண்டு கட்டிக் காத்த பெயர்க்கு அது அணியாக அமையவில்லை.

அத்துணிவை நான் இகழமாட்டேன். ஹாம்லெட்டின் தாயாக நின்றவர்க்கு, அந்நாடகத்தின் நெஞ்சமாகிய பேச்சுகளை ஒருமுறையேனும் தம் வாயால் சொல்ல வேண்டும் என்னும் வேட்கை எழுந்தது இயல்பே. ஆயினும் வள்ளுவர் வலியறிதலையும் காலமறிதலையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்தது எண்ணத் தக்கது. வலிமை இருப்பது மட்டும் போதாது; அது எந்தக் காலத்துக்குரிய வலிமை என்பதும் தெரிய வேண்டும். உரையாடலின் ஆழத்தை உணரும் அறிவு எழுபத்து மூன்றில் முப்பதைவிட மிகுந்திருக்கும். அவ்வறிவைத் தாங்கும் உடல் அன்று அவரிடம் இல்லை. இவ்விடத்தில் ஆண்டர்சன் அளவு கடந்தார் என்பதே என் தீர்ப்பு. இப்படியொரு தவற்றை உயர்ந்த வேட்கையால் செய்பவர், அதன் பின் எப்படி வாழ்கிறார் என்பதையே நாம் பார்க்க வேண்டும். சிலர் உலகம் தம்மைப் புரிந்துகொள்ளவில்லை என்று கசந்து ஒதுங்குவர். வேறு சிலர் பழைய பாராட்டுச் சுருள்களை விரித்து வைத்துக்கொண்டு எஞ்சிய நாள்களைக் கழிப்பர்.

பதினோராண்டு கடந்தது. 1982-இல் ஜெஃபர்ஸின் அதே மெடேயா நியூயார்க்கில் மீண்டும் மேடையேறிற்று. மெடேயாவாக நடித்தவர் ஜோயி கால்டுவெல். அவரும் ஆஸ்திரேலியப் பெண், மெல்போர்னில் பிறந்தவர். இயக்கியவர் கால்டுவெல்லின் கணவர் ராபர்ட் ஒயிட்ஹெட். 1947-இல் ஆண்டர்சனின் மெடேயாவை மேடையேற்றிய தயாரிப்பாளரும் அவரே. எண்பத்தைந்து வயது ஆண்டர்சன் அந்நாடகத்தில் மெடேயாவின் செவிலியாக நடித்தார்.

இதன் எடையை உணர, நாடகத்தின் அமைப்பைச் சிறிது எண்ண வேண்டும். திரை விலகியதும் முதலில் பேசுபவள் செவிலி. மெடேயா அப்போது வீட்டினுள்ளே இருக்கிறாள். அவள் துயரத்தையும், அது எங்கே போய் முடியுமோ என்னும் அச்சத்தையும் நமக்குச் சொல்பவள் இம்முதியவள். நம் அகப்பாடல்களில் செவிலிக்குத் தனிக் கூற்று உண்டு. வளர்த்த கை, பெற்ற வயிற்றினும் முன்னதாக மகளின் மாற்றத்தை உணரும். கிரேக்கச் செவிலியும் அவ்வாறே தலைவியை அறிந்தவள், அவளுக்காக நடுங்குபவள், தடுக்கும் ஆற்றல் மட்டும் இல்லாதவள். முப்பத்தைந்து ஆண்டுக்கு முன் அந்த வீட்டினுள்ளிருந்து எழுந்த ஓலம் ஆண்டர்சனுடையது. இப்போது அவர் வெளியே படியில் நிற்கிறார். உள்ளிருந்து எழுவது இளையவரின் குரல். மெடேயாவின் ஒவ்வொரு சொல்லும் அவருக்கு மனப்பாடம். எந்த வரியில் அரங்கம் மூச்சடக்கும் என்று அவர் உடலே அறியும். அவ்வளவும் அறிந்தவர், அவ்வரிகளை இன்னொருவர் வேறு முறையில் சொல்லக் கேட்டுக்கொண்டு, தலைவிக்கு அஞ்சி ஒடுங்கும் பணிப்பெண்ணாய் இரவு தோறும் மேடையில் நிற்க வேண்டும்.

இதைச் செய்ய இரண்டு வகை வலிமை வேண்டும். முதலாவது, தன்னை ஒடுக்கிக்கொள்ளும் வலிமை. எண்பத்தைந்து வயதுப் பெருநடிகை மேடையில் நின்றாலே பார்வையாளர் கண் அவர்மீது செல்லும். ஒரு கையசைவால், ஒரு பெருமூச்சால் அவர் இளையவரிடமிருந்து காட்சியைப் பறித்துவிட முடியும். அறிந்தோ அறியாமலோ அதைச் செய்துவிடும் முதியவர் எல்லாத் துறையிலும் உண்டு. பொறுப்பைத் தந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே, புதியவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவின்போதும் தொண்டையைச் செருமுபவர்கள் அவர்கள். இரண்டாவது, தன்னை ஒடுக்கிக்கொண்ட பின்னும் தனக்குரியதைக் குறைக்காமல் தரும் வலிமை. ஒதுங்குகிறேன் என்னும் பெயரால் பாதி மனத்தோடு நிற்பதும் ஒரு வகைப் பழிவாங்கலே. செவிலியின் அச்சம் மெய்யாக இருந்தால்தான் மெடேயாவின் சினம் பெரிதாகத் தெரியும். செவிலி தளர்ந்தால் மெடேயாவும் சிறுத்துப் போவாள். ஆகவே இளையவரின் உயர்வுக்கு வேண்டிய அடித்தளமாய் அவர் முழு ஆற்றலோடு நின்றாக வேண்டும்.

அவர் அப்படி நின்றார் என்பதற்குச் சான்று உண்டு. அவ்வாண்டு டோனி விருதுக்கு இருவர் பெயரும் முன்மொழியப்பட்டன: சிறந்த நடிகைக்குக் கால்டுவெல், சிறந்த துணை நடிகைக்கு ஆண்டர்சன். கால்டுவெல்லுக்கு விருது கிடைத்தது. 1948-இல் ஆண்டர்சன் மெடேயாவாக நடித்துப் பெற்ற அதே விருது, அதே வேடத்துக்காக, அவர் செவிலியாய்ப் பக்கத்தில் நின்றிருக்க, இன்னொருவர் கைக்குச் சென்றது. அவருக்கு இம்முறை விருது இல்லை.

இதனால் அவர் உள்ளத்தில் சிறிதும் நோவில்லை என்று நான் துணிந்து கூறவில்லை. நோவின்மை தெய்வங்களுக்குரியது. நொந்தாலும் நோவைச் செயலில் கலக்கவிடாமல் காப்பதே மனிதர்க்கு இயன்ற பெருமை. அறநூல்கள் நம்மிடம் எதிர்பார்ப்பதும் அவ்வளவே. எண்ணிப் பார்த்தால், இது எண்பத்தைந்தாம் வயதில் திடீரென்று வந்து வாய்த்த பண்பும் அன்று. பதினான்காம் தெருவின் குழுவில் வாரத்துக்கொரு தகுதியில் நின்ற இளம்பெண்ணும், பிறர் நிறுவிய வேடங்களில் வந்து நின்ற முப்பது வயதுப் பெண்ணும், அரசியாய் இருந்துகொண்டே திரையில் ஏவற்பெண்களுக்கு உயிர் தந்த நாற்பது வயதுப் பெண்ணும் சேர்ந்தே அந்த முதியவளை உருவாக்கியிருந்தனர். ஹாம்லெட்டின் தோல்வியும் அதில் ஒரு பங்கு ஆற்றியிருக்கக் கூடும். முதுமையில் விட்டுக்கொடுக்க வல்லவராக விரும்புவோர் முதுமையில் அதைக் கற்க முடியாது. அதற்கான பாடம் இளமையிலேயே, எவரும் பாராத சிறு வேடங்களில், நடந்து முடிந்திருக்க வேண்டும்.

நம் நாட்டு முதியோரைக் காணும்போது இது எனக்குக் கவலை தருகிறது. ஒரே பதவியில், ஒரே இருக்கையில், ஒரே வணக்கத்தைப் பெற்றுப் பழகியவர், அது நீங்கிய மறுநாளே யாருமற்றவராய் உணர்கிறார். பணியே அவருக்குப் பெயராக இருந்தது; பணியைவிடப் பெரிய ஒன்றுக்குத் தாம் ஆட்பட்டவர் என்னும் உணர்வு வளர வாய்ப்பே கிட்டவில்லை. ஆண்டர்சனுக்கு நாடகம் தம்மைவிடப் பெரியது. மெடேயா நன்றாய் நடக்க வேண்டும்; நடத்துவது தாமா, வேறொருவரா என்பது அதற்கு அடுத்த கேள்வி. இந்த வரிசை மாறாதிருக்குமாறு ஒரு மனத்தைப் பழக்குவதற்கு எழுபது ஆண்டு மிகையான காலம் இல்லை.

அதன் பின்னும் அவர் ஓயவில்லை. 1984-இல், எண்பத்தேழாம் வயதில், விண்வெளிக் கதைப் படமொன்றில் வேற்றுலகத்துத் தலைமைப் பூசகியாய்ச் சிறு வேடம் ஏற்றார். அதே ஆண்டு, தாம் வாழ்ந்துவந்த சாண்டா பார்பரா நகரின் பெயரையே தாங்கிய தொலைக்காட்சித் தொடரில், செல்வக் குடும்பத்தின் மூதாட்டியாய் நடிக்கத் தொடங்கி மூன்று ஆண்டு தொடர்ந்தார். கிரேக்கப் பெருநாடகத்தில் நின்றவர்க்கு நாள்தோறும் ஒளிபரப்பாகும் தொடர் இழிவில்லையா என்று கேட்டவர் இருந்திருப்பர். 1991-இல் ஆஸ்திரேலிய அரசு தன் உயரிய குடிமைச் சிறப்பை அவருக்கு வழங்கியது. 1992 ஜனவரி 3-ஆம் நாள், தொண்ணூற்று நான்காம் வயதில், சாண்டா பார்பராவில் அவர் காலமானார்.

ஜோயி கால்டுவெல் தொடர்ந்து மேடையில் உழைத்தார். 1996-இல் அவர் தம் நான்காவது டோனி விருதைப் பெற்றார். அதைப் பெற்றுத் தந்த வேடம், பாடுவதை நிறுத்திவிட்டு இளம் பாடகர்க்குக் கற்பிக்க முன்வந்து நிற்கும் மரியா கல்லாஸ் என்னும் பெரும்பாடகியின் வேடம். அவருக்கு அப்போது வயது அறுபத்திரண்டு.